சயாமா வாங்கிய ஒன்றேகால் மார்க்

ரங்கூன், கியாக்டடா
13 ஜூலை 2025, ஞாயிறு காலை

அன்புள்ள விஜயகுமாரி சயாமாவுக்கு,

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் சயாமா என்று கூப்பிடும் டீச்சருக்கு உன் கணவன் தேவராஜ் எழுதுவது. நானும் நம் மகள் நித்யாவும் இங்கே நலம். நீ பிலிப்பைன்ஸில், அந்த இலோயிலோவில் நலமாக இருக்கிறாய் என்பது நேற்றுப் போனில் என்னைத் திட்டிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது. உடம்பு சரியில்லாதவர்களால் அப்படித் திட்ட முடியாது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கூன்யா போடுவதை நிறுத்தி இன்றோடு இருபத்தெட்டு நாள் ஆகிறது. அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே. கல்யாணமான நாளிலிருந்து அந்த வெற்றிலைக்காக நீ சொல்லாத சொல் இல்லை, காட்டாத புற்றுநோய்ப் படம் இல்லை. அப்போதெல்லாம் விடாதவன் இப்போது விட்டது உன் பேச்சைக் கேட்டு அல்ல. நீ பரீட்சையில் படுதோல்வி அடைந்துவிட்டாய் என்று நம்பி, மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு விட்டுவிட்டேன். நீ தோற்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அம்மன் வாங்கிக்கொண்டுவிட்டாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ கேட்கும் ஒரே கேள்விக்கு மூன்று வாரமாக நான் ஜோக் அடித்தே தப்பித்து வருகிறேன். "என்னங்க, நான் வந்துடட்டுமா, இல்ல இன்னும் ரெண்டு வருஷம் இருந்து முடிச்சுட்டு வரட்டுமா?" என்று கேட்கிறாய். நான் உடனே இங்கே பெய்யும் மழையைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறேன். போன வாரம் நீ கேட்டபோது லைன் கட்டாகிவிட்டது என்று சொன்னேன் அல்லவா, லைன் நன்றாகத்தான் இருந்தது. கட்டாகிவிட்டது என்று நான் சொன்னதே உனக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். காகிதத்தில் அப்படி ஓட முடியாது. அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டுவிட்டவன் நான், கோயில் வகுப்பில் படித்த தமிழை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே. நித்யாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே ஒரு நாள் ஆகும், அதனால் இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் கொஞ்சம் மனதிலிருப்பதையும் எழுதுகிறேன்.

உன் மார்க்கு வந்த கதையைக் கேள். ஜூன் மாதம் அமீர் அலியின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்கு நீ ஒரு படம் அனுப்பினாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதற்குள் இன்டர்நெட் போய்விட்டது. அவன் அதை அச்சடித்து, ஏதோ சாவுச் செய்தி கொண்டுவருகிறவன்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். நான் ஒரு பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தாளை வாங்கிப் பார்த்தேன். ஒன்றேகால். ஒன்றரை. ஒன்று. மறுபடியும் ஒன்றேகால். நான்கு பாடத்தையும் கூட்டிப் பார்த்தேன், ஐந்து வந்தது. நூற்றுக்கு அல்ல, நானூறுக்கு.

நான் நாலாம் வகுப்பில் கணக்கில் பதினேழு வாங்கியவன். அதற்கே என் அப்பா என்னைத் துறைமுகம் வரைக்கும் துரத்தினார். பேர் எழுதினாலே இரண்டு மார்க் போடுவார்களே, இவள் தன் பேரையும் தப்பாக எழுதிவிட்டாளா என்று நினைத்தேன். அமீர் அலி என் தோளில் கை வைத்து, "தேவராசு, மனச விடாத. அந்தக் கால் மார்க்க கவனிச்சியா? சும்மா ஒரு வாத்தியார் கால் மார்க் போடுவானா? ஏதோ கொஞ்சம் எழுதியிருக்காங்க" என்றான். அவன் ஆறுதல் சொல்லும் லட்சணம் அது.

மறுநாள் நீ அரை நிமிஷம் பேசினாய், ஞாபகம் இருக்கிறதா? "ரிசல்ட்டப் பாத்தீங்களா?" என்று உற்சாகமாகக் கேட்டாய். நான், "பாத்தேன் பாத்தேன், அதெல்லாம் ஒண்ணும் நெனைக்காத, உடம்புதான் முக்கியம், நல்லா சாப்பிடு" என்று சொன்னேன். நீ ஒன்றும் புரியாமல் "ஆங்?" என்றாய். அந்த "ஆங்"கை அழுகை என்று நினைத்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நித்யா சாப்பிட்டாள்.

இனி எழுதப்போவதைத்தான் உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். நீ தோற்றுவிட்டாய் என்று தெரிந்த அன்று மாலை எனக்கு என்னவோ ஆகிவிட்டது, விஜயா. வருத்தம் இருந்தது. ஆனால் அதன் பின்னாலேயே, கூட்டத்தில் பஸ் ஏறுகிறவன்போல, ஒரு சந்தோஷமும் இடித்துக்கொண்டு ஏறிவிட்டது. சரி, இனி இவளை அந்தக் கல்லூரியில் வைத்துக்கொள்ளமாட்டார்கள், அடுத்த மாதம் வீட்டில் இருப்பாள் என்று தோன்றியது. உன் அலமாரியில் நான் அடுக்கி வைத்திருந்த இன்வெர்ட்டர் சாமான்களையெல்லாம் எடுத்து, தட்டுகளைத் துடைத்து, பழைய செய்தித்தாள் விரித்தேன். உன் பக்கத்து ஃபேனுக்கு எண்ணெய் போட்டேன். புதுக் கொசுவலை வாங்கினேன், நீலம். பச்சை வாங்கினால் மீன்பிடிக்கிற வலை மாதிரி இருக்கிறதென்று சொல்வாய் என்று நீலம். விசில் அடித்துக்கொண்டே ஆணி அடித்தேன். நித்யா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா ஃபெயில், அப்பா பாட்டு. என்ன குடும்பம் இது" என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் வெட்கம் வந்தது. நீ அங்கே தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாய் என்றும் நினைத்தேன், இங்கே கொசுவலையும் கட்டினேன். ஒரே மனுஷன் இரண்டையும் செய்தால் அவனை என்னவென்று சொல்வது? நேராகக் கோயிலுக்குப் போனேன். "அம்மா, அவ அடுத்த தடவையாவது பாஸாகட்டும், நான் ஒரு வருஷத்துக்குக் கூன்யாவத் தொடமாட்டேன்" என்று வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வேண்டிக்கொண்டேன். கோயிலுக்கு வெளியேதான் துப்பினேன், பயப்படாதே.

மூன்றாம் நாள் அமீர் அலியின் மகள் ஜுலைகா மோல்மேனில் சித்தி வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். மணிலாவில் நர்ஸ் படிப்பு படிக்கிற பெண், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கடையில் தாளைப் பார்த்துவிட்டுக் கை தட்டினாள். "மாமா, மாமி பின்னிட்டாங்க!" என்றாள். நான், ஆமாம்மா, பின்னித்தான் கிடக்கிறது என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள். அந்த நாட்டுக் கல்லூரிகள் நிறையவற்றில் ஒன்றுதான் உச்சமாம். இரண்டு என்றால் நல்லது, மூன்று என்றால் தப்பித்தது, ஐந்து என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தமாம். அமீர் அலி தன் மகளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "போன வருஷம் நீ ரெண்டே முக்கால் வாங்கினேன்னு சொன்னப்ப நான் தெருவுக்கே பலூடா வாங்கிக் குடுத்தேனே, அது என்ன?" என்று கேட்டான். அந்தப் பெண்ணை உடனே யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது, உள்ளே போய்விட்டாள்.

வேண்டுதல் செல்லுமா செல்லாதா என்று நானும் அமீர் அலியும் ஒரு மத்தியானம் முழுக்க வழக்காடினோம். அவன் சாமி வேறு என்றாலும் சட்டம் பேசுவான். "பாஸானா விடுறேன்னு நீ சொல்லல. பாஸாகட்டும்னு சொல்லிட்டு விட்டுட்ட. அவங்களும் பாஸாயிட்டாங்க. அப்புறம் என்ன, பேசாம இரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு என் எதிரிலேயே ஒன்றைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டான். எதிர்ப்பக்கத்துக் கூன்யாக்கடை டோ மியாவுக்கு என்மேல் கோபம். தினமும் காலையில் நம் மூன்றாம் மாடியிலிருந்து தொங்கும் கயிற்றின் கிளிப்பில் எனக்கு ஒரு பொட்டலம் மாட்டிவிடுகிறவள் அவள். இப்போது கயிறு சும்மா தொங்குகிறது. "கோ தேவராஜ், என் சுண்ணாம்புல என்ன குறை? புதுக் கடைக்குப் போறியா?" என்று தெருவில் நிறுத்திக் கேட்டாள். பெண்டாட்டி பாஸாகிவிட்டாள் என்று சொன்னேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் விழித்தாள். வாய்க்கு வேலை வேண்டுமே என்று சூரியகாந்தி விதை கொறிக்கிறேன். கடை வாசல் கிளிக்கூண்டு மாதிரி இருக்கிறது.

என் அக்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் நிறையாது. நீ தோற்ற செய்தி மிங்கலாடோனுக்கு எப்படிப் போனதோ, மறுநாளே அம்சவேணி அக்கா ஒரு கோழியோடு வந்து இறங்கிவிட்டாள். சாவு வீட்டுக்கு வருவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, கோழியை மட்டும் கல்யாண வீட்டுக்கு வாங்குவதுபோல வாங்கி வந்திருந்தாள். "நாப்பத்திரண்டு வயசுல பொம்பளைக்கு என்ன காலேஜு? வகுப்புல கூட உக்காந்திருக்கிறதுங்க எல்லாம் இவ பெத்தா பெத்திருக்க வேண்டிய வயசு. நான் அப்பவே சொன்னேன், கேட்டியாடா?" என்று கோழியை வெட்ட வெட்டச் சொன்னாள். நான் சரியாகச் சாப்பிடாத அந்த இரண்டு நாளிலும் கோழியை மட்டும் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. அடுத்த வாரம் போன் செய்து உண்மையைச் சொன்னேன். இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு, "கம்மியா வாங்கினா அந்த ஊர்ல மொதலா? அப்ப நீ அங்க படிச்சிருந்தா டாக்டராயிருப்பியேடா தம்பி" என்றாள். கோழியைப் பற்றி இதுவரை கேட்கவில்லை.

இதில் எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நான் விசில் அடித்துக்கொண்டிருந்த அந்த மூன்று நாளில் உன் பழைய பள்ளிக்கூடத்துப் பெரிய சயாமாவைப் போய்ப் பார்த்து, விஜயகுமாரி திரும்பி வரப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவர் பாவம், ரொம்பச் சந்தோஷப்பட்டு நாலாம் வகுப்பு பி பிரிவை உனக்காக வைத்திருக்கிறார். இப்போது நான் மறுபடியும் போய், மன்னிக்க வேண்டும் சயாமா, என் மனைவி பாஸாகித் தொலைத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். சூரியகாந்தி விதை இல்லாமல் அந்தப் பேச்சுக்குப் போக முடியாது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இதுவரை வராமல் எவ்வளவு தூரம் சுற்றினேன் பார்த்தாயா.

கன்னியாஸ்திரிகள் நடத்துகிற உன் தனியார் கல்லூரியைப் பற்றி நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். வாசலில் காவலாளி குச்சியை விட்டுப் பையைக் கிளறுவான். வராந்தாவில் உன் முகம் தெரியும், அவ்வளவு துடைப்பு. பரீட்சை எழுதுவதற்கு முன் அனுமதிச் சீட்டு, பரீட்சை முடிந்தபின் நூலகத்திலிருந்து வைத்தியர் அறை வரை பாக்கி ஒன்றுமில்லை என்று பதினோரு கையெழுத்து. காலை ஜெபத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவது நம் வீட்டு முருக பக்தைதான் என்று தலைமை சிஸ்டரே சொன்னாராம். இருபத்திரண்டு வயதுப் பெண்களெல்லாம் உன்னை "ஆத்தே, ஆத்தே" என்று கூப்பிடுகிறார்கள் என்றாய். அந்த ஊரில் அதற்கு அக்கா என்று பொருளாம். நல்ல வேளை சொன்னாய், இல்லாவிட்டால் உன்னைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள் என்று நினைத்திருப்பேன். இத்தனைக்கும் ஜுலைகாவின் தனியார் கல்லூரியும் அதே நாட்டில்தான் இருக்கிறது. கீழே வங்கி, அதற்கு மேலே பொரித்த கோழிக் கடை, ஆறாம் மாடியில் வகுப்பு. லிஃப்டுக்கு நிற்கிற வரிசையிலேயே பாதிப் பாடத்தைப் படித்துவிடுவோம் என்கிறாள்.

இப்போது அடுத்த இரண்டு வருஷப் படிப்புக்கு உனக்கு இடம் கொடுத்திருப்பது அரசுப் பல்கலைக்கழகம். சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே பட்டப்படிப்புக்குக் கட்டணமே கிடையாதாம், அதனால் கூட்டமான கூட்டமாம். பேர் பதிய மூன்று நாள் வரிசையில் நின்றேன் என்றாய். கட்டடம் ஒழுகுகிறது, வகுப்புக்குள் நாய் வந்து படுக்கிறது, ஃபேன் நினைத்தால் சுற்றுகிறது, ஆனாலும் நாலு மாடி நூலகம் இருக்கிறது, அந்தப் பக்கத்து வாத்தியார்களுக்கெல்லாம் வாத்தியார்கள் அங்கே இருக்கிறார்கள் என்றாய். நாயைப் பற்றிச் சொல்லும்போது உன் குரல் சாதாரணமாக இருந்தது. நூலகத்தைப் பற்றிச் சொல்லும்போது, கல்யாணத்துக்கு முன்னால் பகோடா ரோட்டில் என்னோடு நடந்து வரும்போது பேசுவாயே, அந்தக் குரல். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? ஜோக் அடிக்கிறவனுக்கும் காது இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது என் தொழில்தான், அதை வைத்துச் சொல்கிறேன். உன் சிஸ்டர்களின் கல்லூரி நல்ல இன்வெர்ட்டர். சுத்தமானது, சத்தமில்லாதது, எப்போதும் விளக்கு எரியும். ஆனால் இரண்டு பல்பு, ஒரு ஃபேனுக்கு மேல் போட்டால் கூவ ஆரம்பித்துவிடும். ஒரு வருஷச் சான்றிதழோடு நின்றுவிடும். அரசுப் பல்கலைக்கழகம் நம் அரசாங்க மின்சாரம் மாதிரி. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது திட்ட வேண்டும். வந்துவிட்டால் தெருவே "மீ லாபி", கரண்ட் வந்துடுச்சு என்று கத்தும். அதில்தான் தண்ணீர் மோட்டார் ஓடும், அரிசி வேகும், எல்லா பாட்டரியும் நிறையும். நீ இரண்டு பல்புக்குப் பிறந்தவள் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நீ பதினெட்டு வருஷம் பாடம் நடத்தினாய். புதிதாக வரும் சின்னச் சயாமாக்களுக்கு எப்படி நடத்துவது என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒருநாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாய். நான் யாருமில்லை என்றேன். "அதுக்குத்தான் நான் படிக்கணும்" என்றாய். நான் அன்றைக்கும் ஏதோ கேலி பேசினேன். அப்போது உனக்கு வயது முப்பத்தாறு. ஆறு வருஷம் அந்த அரிசி என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அதனால், சயாமா, இரு. இரண்டு வருஷமும் இருந்து முடித்துவிட்டு வா.

அப்பாடா, எழுதிவிட்டேன். இந்த வரியை எழுத எனக்கு ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை ஆனது.

நித்யாவைப் பற்றிக் கவலைப்படாதே. அடுத்த வருஷம் அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நீ பக்கத்தில் இருக்கமாட்டாய் என்பதுதான் உனக்குப் பெரிய குறை என்று தெரியும். நேற்று அவளிடமே கேட்டேன். "அம்மா வந்துட்டா நல்லா இருக்கும். ஆனா அம்மா அங்க இருந்தா, அப்புறம் நானும் போகலாமே" என்றாள். இங்கே எந்த வீட்டுப் பிள்ளைகளும் வெளியே போகத்தான் பார்க்கிறார்கள், ஏன் என்று உனக்குத் தெரியும், அதை எழுத வேண்டாம். ஆக இரண்டு வருஷத்தில் நீ திரும்பி வரும் விமானத்தில் அவள் போய்விடுவாள் போலிருக்கிறது. நல்லதுதான். நான் கணக்கில் பதினேழு வாங்கியவன் என்பதால் அதற்கு மேல் கூட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சோறு குழைவதில்லை. குழம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மழைத் தண்ணீர் கடை வாசற்படியின் இரண்டாம் படி வரை வந்தது, உள்ளே வரவில்லை. இன்வெர்ட்டருக்கு நல்ல கிராக்கி, அரசாங்கம் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி என்னைக் காப்பாற்றுகிறது. நீலக் கொசுவலையை மடித்து உன் அலமாரியில் வைத்துவிட்டேன். பாட்டரிகளைத் திரும்ப அந்த அலமாரியில் வைக்கவில்லை, கட்டிலுக்குக் கீழேயே இருக்கட்டும்.

நீ அனுப்பிய பல்கலைக்கழகச் சேர்க்கைப் படிவம் அமீர் அலி கடையில் இருக்கிறது. பதினெட்டாம் தேதிக்குள் குடும்பத்தார் ஒப்புதல் வேண்டும் என்றாய். மூன்று வாரமாக அவனுடைய பிரிண்டரில் மை இல்லை என்று உன்னிடம் சொன்னேன், மை இருந்தது. இந்தக் கடிதத்தை முடித்த கையோடு போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஜுலைகா வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள், மணிலாவில் இறங்கியதும் இந்தக் கடிதத்தை உனக்குக் கூரியரில் அனுப்புவாள். அவள் கையில் ஒரு டப்பா லபெட்டும் கொடுத்திருக்கிறேன். விமானநிலையத்தில் தேயிலை ஊறுகாய் என்று சொன்னால் சந்தேகப்படுவார்களாம், அதனால் மருந்து என்று சொல்லச் சொன்னேன். அவள் படிக்கிற படிப்புக்குப் பொருத்தமாக இருக்கும்.

மழையில் நனையாதே. ஒழுகுகிற கட்டடத்தில் ஒழுகாத மூலையாகப் பார்த்து உட்கார். நாய்க்குப் பக்கத்தில் உட்காராதே. புதுப் படிப்பில் வேலை கூடிவிடும், நேரம் இருக்காது என்று ஜுலைகா சொன்னாள். எவ்வளவு வேலை இருந்தாலும் சனிக்கிழமை சனிக்கிழமை என்னைத் திட்டுவதை மட்டும் குறைத்துவிடாதே. பாராட்ட வேண்டியதெல்லாம் திரும்பி வந்தபின் பாராட்டிக்கொள்ளலாம். திட்டு மட்டும் வாரம் தவறாமல் வர வேண்டும்.

மாரியம்மன் உன்கூட இருப்பாள். இருந்தாக வேண்டும், அவளுக்கு நான் கொடுத்திருப்பது கொஞ்சமில்லை.

இப்படிக்கு,
உன் அன்புக் கணவன்,
தேவராஜ்

பின்குறிப்பு
17 ஜூலை, வியாழன்

ஜுலைகா நாளைதான் கிளம்புகிறாள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன்.

படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருக்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று கிடையாதே என்று நீ அந்த இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறாய். அந்த ஊர் வழக்கப்படி குடும்பப் பெயரை முதலில் அச்சடிக்கிறார்களாம். மேல் பாதியில் தேவராஜ் என்று பெரிய ஆங்கில எழுத்தில் இருந்தது. எனக்கு ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் புகைப்படத்துக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது, என் படத்தை அமீர் அலி ஒட்டினான். அது மாணவர் பகுதி.

கீழ்ப் பாதியில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் இருந்தது. சாட்சிக்கு என்று நினைத்து அமீர் அலி போட்டான். அது குடும்பத்தார் பகுதி. படிவத்தை உனக்கு அனுப்பச் சொல்லியிருந்தாய். தேதி நெருங்குகிறதே என்று அவன் கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டான்.

உன் இடம் உறுதியாகிவிட்டது. நேற்று உன் மாணவர் அட்டையின் மாதிரி அமீர் அலியின் கம்ப்யூட்டருக்கு வந்தது. பெயர் உன்னுடையது, பிறந்த தேதி உன்னுடையது, படம் என்னுடையது. படிப்பு முடியும்வரை தினமும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டுமாம். அச்சடிப்பதற்கு முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பதில் எழுதும்படி கேட்டிருந்தார்கள். அமீர் அலி பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுதிவிட்டான்.